நான் துளையிட்ட கத்தரிக்காய்கள்

கத்தரிக்காயில் புழு துளைத்ததுபோல ஓட்டை போடுவதற்கு ஸ்வெட்டர் பின்னும் ஊசி சரிப்படாது. அதன் முனை மழுங்கல், தோலைக் கிழித்துவிடும். சாக்கு தைக்கும் கோணி ஊசிதான் சரி. காம்புக்குச் சற்றுக் கீழே சாய்வாகக் குத்தி, ஒரு சுற்றுச் சுற்றி எடுக்க வேண்டும். ஓட்டையின் வாயில் காய்ந்த தேயிலைத் தூளை ஈரவிரலால் ஒற்றிவிட்டால் புழுவின் எச்சம் போலவே இருக்கும். காயை அப்படியே செடியில் விட்டுவைத்தால் ஓட்டையின் ஓரம் பழுப்பேறிவிடும். பிறகு மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

இதைப் பெருமைக்காக எழுதவில்லை. எழுபதைத் தாண்டிய ஒரு மனிதன் தன் கட்டடத்து மொட்டைமாடியில் குந்தியிருந்து கத்தரிக்காய்களுக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தான் என்பதை வேறு யாராவது சிரிப்பாகச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது.

நான் வேளாண்மை படித்தவன். படிப்பு முடிந்ததும் பூச்சிமருந்து விற்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து, இங்கேயே ஓய்வும் பெற்றேன். நதியா, முர்ஷிதாபாத் மாவட்டங்களின் காய்கறி வயல்களில் என் கால் படாத வரப்பு குறைவு. எந்த மருந்தை, எந்தப் பருவத்தில், எவ்வளவு தண்ணீரில் கலந்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கும்போது தெளிக்க வேண்டும் என்று விவசாயிகளிடம் சொல்லிச் சொல்லியே என் வங்காளம் வளர்ந்தது. அதனால் காய்கறியைப் பற்றியென்றால் சரளமாகப் பேசுவேன். துர்க்கா பூஜையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்றைக்கும் திக்குவேன்.

டாக்குரியா ரயில் நிலையத்துக்குப் பின்புறம் எங்கள் கட்டடம். நானும் மனைவியும் இரண்டாம் மாடி. தரைத்தளத்தில் ஒரு தீதி. பள்ளிக்கூடத்தில் பூகோளம் கற்பித்து ஓய்வுபெற்றவர், கணவரை இழந்தவர். என்னைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் எல்லோருக்கும் அவர் தீதி, அதாவது அக்கா. நான் அவருக்கு தாதா, அண்ணன்; என் மனைவி பௌதி, அண்ணி. மாடியில் தொட்டி வைத்துக் காய்கறி போடலாம் என்று முதலில் சொன்னவர் அவர்தான். சட்டமும் அவருடையதுதான்.

"இந்த மாடிப்படியில விஷம் ஏறக்கூடாது. கீழே ஊர் முழுக்க விஷத்தைத்தான் திங்கிறோம். இங்கே மட்டும் வேண்டாம்" என்றார், முதல் ஞாயிற்றுக்கிழமை தேநீரின்போது. பிறகு என் பக்கம் திரும்பி, "தாதாவுக்குக் கஷ்டமா இருக்கும். வாழ்க்கை பூரா வித்தது இல்லையா!" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கத்தரிக்காய் என் பொறுப்பு ஆனது. படித்தவன் கையில் கொடுத்தால் நன்றாக வரும் என்று நம்பினார்கள். முதல் குளிர்காலத்தில் காய்த்துளைப்பான் புழு வந்து ஒரு காயைக்கூட முழுசாக விடவில்லை. நுனித் தண்டுகள் தலை தொங்கின. அறுத்த காய்க்குள்ளெல்லாம் கறுத்த சுரங்கம். மூன்றாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் தினமும் மேலே வந்து விசாரிப்பார்.

"என்ன தாதா, புழுவெல்லாம் சௌக்கியமா?"

"சௌக்கியம்."

"இத்தனை வருஷம் நீங்க கொன்ன புழுவோட பேரன் பேத்திங்க போல. தேடி வந்து பழி வாங்குது."

தீதி மட்டும் கேலி செய்யவில்லை. புழு தின்றது போக மிச்சம் இருந்ததைச் செதுக்கி எடுத்து, கடுகெண்ணெயில் வதக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். "அதுங்களுக்கும் வயிறு இருக்கே" என்றார். அந்தப் பரிவுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கேலி செய்திருந்தால் ஒருவேளை சும்மா இருந்திருப்பேன்.

அடுத்த குளிர்காலத்தில், பூ வைத்தவுடன், பழைய விற்பனையாளர் ஒருவரிடமிருந்து சிறிய பாட்டில் ஒன்று வாங்கிவந்தேன். வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்த கரைசல் மாடியில் எல்லோரும் அறிந்தது, தீதியே ஒப்புக்கொண்டது. அதிலேயே இதையும் கலந்தேன். வேப்பெண்ணெய் வாடையில் வேறு எந்த வாடையும் தெரியாது. மதியச் சோறு ஆனதும் இந்த ஊர் ஒரு தூக்கம் போடும். வீதியில் நாய்கூடக் குரைக்காத நேரம் அது. அப்போதுதான் மேலே போவேன். வெயில் உச்சியில் இருக்கும்போது மருந்து தெளிக்காதீர்கள் என்று எத்தனையோ கிராமத்துக் கூட்டங்களில் தொண்டை கிழியச் சொன்னவன் நான். ஆனால் காலையிலும் மாலையிலும் மாடியில் ஆள் இருக்குமே, என்ன செய்ய?

காய்கள் வந்தன. ஒவ்வொன்றும் ஊதாப் பட்டுத் துணியில் சுற்றி வைத்ததுபோல் இருந்தது. முதல் கூடையைத் தீதியிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு காயை எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்தார். முகம் மலரவில்லை.

"ஒரு ஓட்டைகூட இல்லையே, தாதா."

"நல்லா வந்திருக்கு."

"நல்லா வந்திருக்குதான். ஆனா பூச்சியே தொடாததை நான் எப்படித் தொடுவேன்?"

பாஜாரிலும் அவர் அப்படித்தான். பளபளக்கும் காயை ஒதுக்கிவிட்டுப் புழு ஓட்டை உள்ளதாகப் பார்த்துப் பொறுக்குவார். இங்கே பலருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. புழு தின்றால் மனிதனும் தின்னலாம் என்பது கணக்கு. நிறுவனத்தில் இருந்தபோது அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். புழு தின்ற காயிலும் மருந்து இருக்கக்கூடும். இன்னும் சொன்னால், புழு அதிகமாக வருகிற வயலில்தான் கை கூசாமல் தெளிப்பார்கள். அதைத் தீதியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் காய்களைப் பற்றியும் பேச வேண்டிவரும். அடுத்த நாளே கோணி ஊசியைத் தேட ஆரம்பித்தேன்.

துளையிட்ட காய்களைப் பார்த்ததும் அவருக்கு வந்த சந்தோஷத்தை என்னால் மறக்க முடியாது. "பாருங்க பௌதி, பாருங்க! பூச்சி பாஸ் பண்ணிக் குடுத்திருக்கு!" என்று என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். ரயில்வேக்காரர் ஓட்டையை முகர்ந்து பார்த்துத் தலையாட்டினார். அன்றிலிருந்து நான் மாடியின் மரியாதைக்குரிய மனிதன் ஆனேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தெளித்த பிறகு இத்தனை நாள் பறிக்கக்கூடாது என்று பாட்டிலில் எழுதியிருக்கும். அதை நான் தவறவே விடவில்லை. யாராவது கத்தரிக்கோலோடு வந்தால், "இன்னும் பிஞ்சு. கொஞ்சம் முத்தட்டும்" என்று திருப்பி அனுப்புவேன். பறிப்பதும் பங்கு போடுவதும் நான்தான் என்று ஆக்கிவைத்திருந்தேன். ஆகவே யாருக்கும் கெடுதல் செய்யவில்லை, நம்பிக்கையோடு சாப்பிடும் சந்தோஷத்தையும் சேர்த்துக் கொடுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவனுக்கு இந்த மாதிரிச் சமாதானங்கள் சீக்கிரம் கிடைத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைத் தேநீரில் பேச்சு அடிக்கடி மரபணு மாற்றிய கத்தரிக்குப் போகும். எல்லைக்கு அந்தப் பக்கம் அதைப் பயிரிடுகிறார்கள். விதை சத்தமில்லாமல் இந்தப் பக்கமும் வந்துவிட்டது என்று யாரோ சொன்னதிலிருந்து தீதிக்கு நாற்று வாங்கவே பயம்.

"அந்தச் செடிக்கு மருந்தே அடிக்க வேண்டாம் தீதி. புழு கடிச்சா புழுதான் சாகும். உங்க சட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான கத்தரி உண்டா?" என்பேன்.

"புழுவைக் கொல்றது காய்க்குள்ளயே இருக்குன்னா, கழுவினாப் போகுமா?"

"அது மனுஷனை ஒண்ணும் செய்யாது. நம்ம வயிறு வேற, புழு வயிறு வேற."

"யார் சொன்னாங்க?"

"படிச்சவங்க சொல்றாங்க."

"படிச்சவங்க சொல்லட்டும். நான் வேண்டாம்னு சொல்லல, தாதா. எது அது, எது இதுன்னு எழுதி ஒட்டி விக்கட்டும். எனக்குத் தெரிஞ்சு நான் திங்கறேன், இல்ல விடறேன். தெரியாம என் தட்டுல வைக்கிறதுக்கு அவங்க யாரு?"

நான் தேநீரை உறிஞ்சிக்கொண்டு, இந்தம்மாவுக்கு அறிவியல் புரியவில்லை என்று நினைத்துக்கொள்வேன். அப்போது அவர் கையில் இருந்தது நான் ஊசி குத்திய கத்தரிக்காயில் செய்த பகோடா.

அந்தக் குளிர்காலத்தில்தான் தீதியின் மகள் பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்தாள். கல்யாணமாகி நெடுங்காலம் காத்திருந்து உண்டான கர்ப்பம். தீதிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பயமும் அதே அளவு. பாஜார் காய் எது வந்தாலும் உப்புத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர், வினிகர் என்று மூன்று குளியல். மாடிக் காய்க்கு மட்டும் ஒரே ஒரு கழுவல். "இது நம்ம வீட்டுப் பிள்ளை" என்பார்.

நம் வளைகாப்பைப் போல இவர்களுக்கு ஷாத் என்று ஒரு சடங்கு. கர்ப்பிணியை உட்காரவைத்து, அவளுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து ஊட்டுவார்கள். பாயசம், மீன் தலை, ஐந்து வகை வறுவல். ஐந்தில் ஒன்று வட்டமாக நறுக்கிய கத்தரிக்காய் வறுவல், பேகுன் பாஜா. அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே அதுதான் உயிர்.

ஷாத் அடுத்த வாரம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதற்குள் கெடு முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு, மாடியில் கடைசியாக ஒரு தடவை தெளித்தேன். விசேஷத்துக்கு நல்ல காயாக வர வேண்டுமே! ஓட்டையும் போட்டுவைத்தேன். மறுநாள் காலை நான் பவானிபூரில் வங்கி வேலையாகப் போய்விட்டு வீடு திரும்பியபோது, என் மனைவி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"இன்னைக்குத்தானுங்க ஷாத். பஞ்சாங்கம் பார்த்து முன்னாடி தள்ளிட்டாங்க."

"எனக்கு ஏன் சொல்லல?"

"பொம்பளைங்க விசேசத்துக்கு உங்களுக்கு எதுக்குங்க சொல்றது? கீழ வாங்க, பாயசம் கிடைக்கும். தீதி காலையிலயே மாடிக்குப் போயி கத்தரிக்கா பறிச்சாச்சு. நீங்க இல்லையேன்னு என்னைக் கேட்டாங்க. தாராளமா பறிங்கன்னு சொல்லிப்போட்டேன்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் கீழே ஓடினேன். என் வயதில் இரண்டு மாடி ஓடி இறங்குவது ஓட்டம் இல்லை, உருளல்.

தீதியின் சமையலறை திறந்தே இருந்தது. அவர் தரையில் அரிவாள்மணை முன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூங்கில் கூடை நிறைய என் கத்தரிக்காய். அடுப்பில் கடுகெண்ணெய் காய ஆரம்பித்திருந்தது. மகள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், புதுச் சிவப்புக்கரைப் புடவையில், வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அம்மா நறுக்குவதைப் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க காக்கு. ஆம்பளைங்களுக்கு அனுமதி இல்ல. ஆனா கத்தரிக்காயோட அப்பா, அதனால பரவாயில்ல" என்றாள். அவளுக்கு நான் காக்கு, சித்தப்பா.

நான் உடனே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதலில் என் வழக்கப்படி சுற்றிவளைத்தேன்.

"தீதி, இந்தக் காய் முத்திப்போச்சு. கசக்கும். நான் கரியாஹாட் போய்ப் புதுசா வாங்கிட்டு வரேன்."

"முத்தலா? விரல் வெச்சா அமுங்குது! நேத்துவரைக்கும் பிஞ்சுன்னீங்களே."

"அது வந்து, உள்ளே புழு இருக்கும். கர்ப்பிணிக்கு ஆகாது."

"புழுவுக்குப் பயந்தா நான் இந்த மாடியில தோட்டமே போட்டிருக்க மாட்டேன். ஓட்டை இருக்கே, அதுதானே சர்டிபிகேட்!"

என் கை குத்திய ஓட்டையே எனக்கு எதிர்க்கட்சி ஆகிவிட்டது. தீதி ஒரு காயை எடுத்து அரிவாள்மணையில் சரக்கென்று இரண்டாகப் பிளந்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. சுரங்கம் இல்லை, எச்சம் இல்லை. தோலுக்குக் கீழே விரல்கடை ஆழத்துக்கு ஒரு நேரான கோடு, அங்கேயே முடிந்துவிட்டது.

அவர் அதைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார். போச்சு என்று நினைத்தேன்.

"ஐயோ பாவம்" என்றார் தீதி. "உள்ளே வந்து பார்த்துட்டு, பிடிக்காம திரும்பிப் போயிருக்கு. தாதா, உங்க காயில புழுகூட மரியாதையா நடந்துக்குது."

சொல்லிவிட்டு இரண்டு பாதிகளையும் வட்டமாக நறுக்கி, மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசிற ஆரம்பித்தார். எண்ணெயிலிருந்து புகை வந்தது. மகள், "மா, முதல் துண்டு எனக்கு, சுடச்சுட" என்றாள்.

அவர் என்னைச் சந்தேகித்திருந்தால் நான் இன்னும் கொஞ்ச நேரம் வாதாடியிருப்பேன் என்று நினைக்கிறேன். என் பொய்க்கு அவரே காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தபோது எனக்கு வேறு வழி இல்லாமல் போனது. குனிந்து அடுப்பை அணைத்தேன்.

"தீதி, இதைப் போடாதீங்க. நேத்து மத்தியானம் மருந்து அடிச்சிருக்கேன்."

"எந்த மருந்து? வேப்பெண்ணெயா?"

"இல்ல. நிஜ மருந்து. பூச்சிமருந்து. இந்தக் குளிருக்குப் பூ வெச்சதுலேருந்தே அடிக்கிறேன். இந்த ஓட்டையெல்லாம் புழு போட்டது இல்ல. நான் போட்டது. கோணி ஊசியால."

எண்ணெயின் புகை மெல்ல அடங்கியது. பின்னால் வாசலில் என் மனைவி வந்து நின்றிருப்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது.

தீதி மஞ்சள் கையைத் தூக்கிப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். "இவளுக்கு வந்ததிலிருந்து இதைத்தானே குடுத்துட்டிருக்கேன்" என்றார். குரல் உயரவில்லை.

கெடு முடிந்த பிறகுதான் முன்பெல்லாம் பறித்தேன், இன்றைக்கு மட்டும்தான் அது முடியவில்லை என்று விளக்கினேன். மருந்தின் பெயரைச் சொன்னேன். மகள் அங்கேயே உட்கார்ந்தபடி மருத்துவருக்குப் போன் போட்டு, என்னையே பேசவைத்தாள். கவலைப்படும்படி எதுவும் தெரியவில்லை, இன்றைய காயைத் தொட வேண்டாம், அடுத்த தடவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர். எனக்கு மூச்சு வந்தது. தீதிக்கு இன்னும் வரவில்லை.

"ஒரே ஒரு கேள்வி, தாதா" என்றார். "நீங்களும் இதையேதான் சாப்பிட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. என் மனைவிக்கே தெரியாது.

நதியாவில் ஒரு விவசாயி வீட்டில் ஒரு தடவை மதியம் சாப்பிட்டது அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. ரோட்டோரம் அவருக்குப் பெரிய கத்தரி வயல். என் மருந்தை வாரம் தவறாமல் அடிப்பவர். வீட்டுக்குப் பின்னால் நாலு செடி தனியாக, இலையெல்லாம் சல்லடையாக நின்றது. அது எதற்கு என்று கேட்டேன். "அது வீட்டுக்கு, பாபு" என்றார், வெட்கப்படாமல். அலுவலகத்தில் அதை ஒரு நகைச்சுவையாகப் பல தடவை சொல்லியிருக்கிறேன். அறியாமையைப் பாருங்கள் என்று சிரித்திருக்கிறோம். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் அப்படி நாலு செடி எத்தனையோ வீட்டுப் பின்புறத்தில் நின்றிருக்கும். நாங்கள் அவற்றை எண்ணிப் பார்க்கவில்லை.

"இல்ல தீதி" என்றேன். "தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி ஒரே ஒரு செடி இருக்கு. அதுக்கு நான் அடிக்கல. எங்க வீட்டுக்கு அதுலேருந்துதான் எடுத்துட்டுப் போனேன்."

"ஏன்?"

"தெரியல. கெடு முடிஞ்சா ஒண்ணும் ஆகாதுன்னு நான் நம்பறேன். சத்தியமா நம்பறேன். ஆனா வீட்டுக்கு எடுக்கும்போது கை அந்தச் செடிக்குத்தான் போச்சு."

"அதுதானா நமக்கு எப்பவும் புழுக் கத்தரிக்காயா வந்துச்சு!" என்றாள் என் மனைவி பின்னாலிருந்து. "நானும் இந்த மனுசன் ஊருக்கெல்லாம் நல்லதைக் குடுத்துட்டு நமக்குச் சொத்தையை எடுத்துட்டு வர்றாரே, இப்படி ஒரு தர்மப் பிரபுவான்னு நெனச்சுட்டு இருந்தனுங்க!"

முதலில் சிரித்தது மகள்தான். வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. வயிறு குலுங்கியது. "காக்கு, நிஜமா ஊசியாலயா? ஒவ்வொண்ணா உட்கார்ந்து குத்தினீங்களா? எச்சம்? எச்சத்துக்கு என்ன பண்ணினீங்க?"

"தேயிலைத் தூள்."

"டார்ஜீலிங்கா, அஸ்ஸாமா?" என்றாள் மகள்.

"மா, உதைக்கிறான் பாரு, அவனுக்கும் சிரிப்பு" என்று அவள் தீதியின் மஞ்சள் கையையே இழுத்து வயிற்றில் வைத்தாள். புதுப்புடவையில் ஐந்து விரலும் மஞ்சளாக ஒட்டியது. தீதி சிரிக்கவில்லை. ஆனால் கையை எடுக்கவும் இல்லை.

பிசிறிய துண்டுகளையும் கூடையையும் ஒரு பையில் போட்டுக் கட்டி என் கையில் கொடுத்தார். "ஐஞ்சு வறுவல்ல இப்போ நாலுதான் இருக்கு. பேகுன் இல்லாம இவ தட்டுல நான் சோறு போட மாட்டேன். அந்தத் தொட்டிக்குப் பின்னாடி செடியில என்ன இருக்கோ, எல்லாத்தையும் பறிச்சுட்டு வாங்க."

பறித்து வந்தேன். என் மனைவிதான் உட்கார்ந்து நறுக்கினாள். ஒவ்வொரு காயிலும் பாதிக்கு மேல் சுரங்கம். ஒரு புழு உயிரோடு நெளிந்து வெளியே வந்து எல்லோரையும் பார்த்தது. "இது ஊசி இல்லைங்க, சாமி சத்தியமா" என்றாள் என் மனைவி, அதைக் கத்தி முனையில் தூக்கிக் காட்டி. செதுக்கிக் கழித்ததில் தேறியது கோணல்மாணலாகச் சில துண்டுகள். அந்தப் பெண் அதைச் சுடச்சுட, விரல் சுட்டுக்கொண்டு தின்றாள். சங்கு ஊதினார்கள். பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். எனக்குப் பாயசம் வந்தது, தீதியின் கையால் அல்ல.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடித் தேநீரில் எல்லோர் முன்னாலும் நானே எழுந்து சொன்னேன். பாட்டிலையும் தெளிப்பானையும் அதற்கு முன்பே அப்புறப்படுத்தியிருந்தேன். ரயில்வேக்காரர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "அப்போ நான் முகர்ந்து பார்த்தது தேயிலையா? எனக்கு அப்பவே ஒரு சந்தேகம், இந்தப் புழு காலையில நல்ல டீ குடிக்குதேன்னு" என்றார். சிரித்தார்கள். தீதி கோப்பையை வைத்துவிட்டு எழுந்து கீழே போய்விட்டார்.

அவர் போன பிறகு, பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, ஒருவர் மரபணுக் கத்தரியை மறுபடி எடுத்தார். "தாதா, உங்க அபிப்பிராயம் என்ன? பாதுகாப்புதானே அது?" என்றார். என் பழைய பதில் நாக்கு நுனியில் இருந்தது. அது தவறான பதில் என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. ஆனால் தீதி அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் கேட்டது வேறு. தெரியாமல் என் தட்டில் வைப்பதற்கு அவர்கள் யார் என்று கேட்டார். அதற்கு நான் நம் வயிறு வேறு, புழு வயிறு வேறு என்று விளக்கிக்கொண்டிருந்தேன். "தீதியைக் கேளுங்க" என்று மட்டும் சொன்னேன்.

தீதி என்னோடு பேசாமல் இருந்த நாட்கள் நீளமானவை. படியில் எதிர்ப்பட்டால் வழிவிடுவார். அதில் குறை சொல்ல எதுவும் இருக்காது. என் மனைவியோடு வழக்கம்போலப் பேச்சு, சிரிப்பு. நான் உள்ளே வந்தால் இருவரும் பாகற்காய் விலைக்குப் போய்விடுவார்கள். நான் என் வேலையைச் செய்தேன். புழு புகுந்து தொங்கும் நுனித் தண்டுகளைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டேன். செடிகளுக்குக் கொசுவலை கட்டினேன். மாடியில் எல்லோரும் இருக்கும் காலை நேரத்தில், எல்லோரும் பார்க்க, ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துப் புழு பொறுக்கினேன். சிலது தப்பித்தன. தப்பிக்கட்டும் என்று விட்டேன்.

பங்குனி வெயில் ஏறும் சமயத்தில் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை, குறை ஒன்றும் இல்லை. செய்தி வந்த அன்று நான் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே என் மனைவி, "ஏனுங்க, தண்ணி சத்தமே காணோம்?" என்றாள்.

தாயும் பிள்ளையும் வீடு வந்த பிறகு ஒருநாள் காலை, பருவத்தின் கடைசிக் காய்கள் சிலவற்றைப் பறித்துத் தீதி வீட்டு வாசலில் வைத்துவிட்டு நகரப் பார்த்தேன். இரண்டில் ஓட்டை, நிஜ ஓட்டை. மற்றவை எப்படியோ தப்பியவை.

"நில்லுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நின்றேன்.

"உள்ளே வாங்க. உட்காருங்க."

சமையலறையில் அதே பிளாஸ்டிக் நாற்காலி. தீதி காயை நறுக்கி, மஞ்சள் உப்பு பிசிறி, எண்ணெயில் போட்டார். இருபுறமும் சிவந்ததும் ஒரு தட்டில் ஒரு துண்டு வைத்து என்னிடம் நீட்டினார்.

"சாப்பிடுங்க."

"நீங்க?"

"நீங்க முதல்ல. இனிமே மாடியிலேருந்து எது வந்தாலும் முதல் துண்டு உங்களுக்கு. நான் பார்த்துட்டுதான் வீட்டுல மத்தவங்களுக்கு. சம்மதம்னா காய் கொண்டுவாங்க. இல்லைன்னா வேண்டாம்."

நாக்கு சுட்டது. சாப்பிட்டேன். அவர் இடுப்பில் கையை வைத்து, பரீட்சை அறையில் நிற்பதுபோல, நான் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளறையிலிருந்து மகள், "மா, காக்கு இன்னும் உயிரோட இருக்காரா?" என்று கத்தினாள். குழந்தை விழித்துக்கொண்டு அழுதது.

"இருக்கார்" என்றார் தீதி. இன்னொரு துண்டை என் தட்டில் போட்டார்.

"போதும் தீதி. சர்க்கரை, எண்ணெய் எல்லாம் டாக்டர் பார்த்துச் சாப்பிடச் சொல்லியிருக்கார்."

"இதுல சர்க்கரை எங்கே இருக்கு? நடிக்காதீங்க."

மூன்றாவது துண்டை வைக்கும்போதுதான் அவரும் தரையில் உட்கார்ந்து தனக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார். மன்னித்தேன் என்று அவர் இதுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெண்டைக்காய்க்கும் புடலங்காய்க்கும் இதே சட்டம் நடக்கிறது. நான் எடை கூடிவிட்டேன் என்று என் மனைவி தீதியிடமே போய்ப் புகார் சொன்னாள். "தோட்டம் சின்னதாத்தானே இருக்கு பௌதி. அடுத்த வருஷம் இன்னும் நாலு தொட்டி போடலாம்" என்றாராம் அவர்.